அரைமண்டியில் எடுத்த அளவு

கனடா ஸ்கார்பரோவில் இருக்கும் பிள்ளைக்கு,

மயிலாப்பூரிலிருந்து, பரதநாட்டிய உடை தைக்கிற டைலர் ஆன்ட்டி எழுதுவது. உன் பெயரை எழுதவில்லை, உன் அம்மா வேண்டாம் என்றார். "ஊரே படிக்கிற மாதிரி பதில் எழுதட்டுமா?" என்று கேட்டபோது நீ சிரித்துக்கொண்டே "ஓம்" என்றாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். மார்கழி நெருங்க நெருங்க உன்னைப் போல இன்னும் நாலு பேர் இதே கேள்வியோடு வருவார்கள். அவர்களுக்கும் ஆகட்டும்.

"அன்ரி, எனக்கு ஒறிஜினலா இருக்க வேணும்." உன் ஆட்ட உடையைப் பற்றி நீ அனுப்பிய குரல் பதிவில் இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கூடவே பதினொரு படங்கள். எல்லாம் பழைய கறுப்பு வெள்ளை. ஒன்றில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, இந்த மடிப்பு, இந்தக் கரை, இதே மாதிரி என்று எழுதியிருந்தாய். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, அது அரக்குச் சிவப்புதான் என்று நீயே முடிவு செய்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

காரணத்தையும் சொன்னாய். போன வருஷம் இங்கிருந்து அங்கே வந்த யாரோ ஒருவர், வெளிநாட்டுப் பிள்ளைகள் அடவு சுத்தமாகப் போடுகிறார்கள், ஆனால் மண்வாசனை இல்லை என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் டிசம்பரில் சென்னைக்கு வந்து ஆடும்போது உடையைப் பார்த்தாவது யாரும் குறை சொல்லக்கூடாது உனக்கு.

வாட்ஸப்பில் உனக்கு "சரி கண்ணு, பண்ணிடலாம்" என்று போட்டுவிட்டேன். வியாபார வாய், அப்படித்தான் வரும். அப்புறம் மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் எதைப் பண்ணுவது என்றே தெரியவில்லை.

நீ 'ஒறிஜினல்' என்று நினைக்கும் தைத்த உடைக்கு என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம். 1935 டிசம்பர் 30-ம் தேதி அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி முதன்முதலாக ஆடினார். அந்தச் சமயத்தில் அவருக்கு உடை அமைக்கக் கூட இருந்து உதவியவர்களில் ஒருவர் ஒரு இத்தாலியப் பெண்மணி. கோயில் சிலைகளைப் பார்த்து, கோடுகளை எடுத்து, இத்தாலியத் தையல்காரியின் கையால் வெட்டித் தைத்த உடை! அடுத்த வருஷம் அவருடைய நாட்டியப் பள்ளி கலாக்ஷேத்ரா வந்தது. இன்று நீயும் நானும் பார்க்கிற பைஜாமா, முன்னால் மடிப்பு மடிப்பாக விரிகிற விசிறி, மேலாக்கு, இடுப்புத் துணி என்று துண்டு துண்டாகத் தைத்து ஹூக் மாட்டுகிற ஏற்பாடெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். கொஞ்ச நாள் கழித்துக் கோடம்பாக்கம் அதில் கை வைத்தது. என் அப்பா வடபழனியில் ஒரு ஸ்டுடியோவின் உடைப்பிரிவில் தொழில் கற்றவர். காமிராவுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று விசிறியில் மடிப்பு கூட்டியது அவர்கள் கூட்டம். அந்த விசிறிக்கு அவர்கள் வெட்டி வைத்த பேப்பர் அளவு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாட்டிய மேடைக்காரர்கள் 'எங்கள் சம்பிரதாய விசிறி' என்று அதைக் கேட்டு வாங்கும்போது எனக்கு வாயைத் திறக்க மனம் வராது.

அதற்கு முன்னால்? புடவை. கீழே ஒரு பைஜாமா, அதன் மேல் புடவையைச் சுற்றி, கொசுவி, இழுத்துச் செருகிக் கட்டுவது. நாட்டியக்காரர் பாலசரஸ்வதியின் படங்களைப் பார், புரியும். உன் பதினொன்றில் மூன்று அவருடையவை, நீ அதைக் கவனிக்கவில்லை. அந்த மூன்றையும் தைக்க முடியாது கண்ணு, கட்டத்தான் முடியும். அவர் 1961-ல் டோக்கியோ போனார், அடுத்த வருஷம் அமெரிக்கா போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். 1973-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தபோது, நாட்டியக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அவர் வெளிநாட்டில் ஆடியபோது மண்வாசனை விமானத்தில் தங்கிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1838. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கோயில் நாட்டியக்காரிகள் ஐந்து பேரை ஒரு பிரெஞ்சுக்காரர் கப்பலேற்றிப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் கூட்டிப்போனார். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து 'பார்' (Barre) என்ற பெயருடைய பிரெஞ்சுச் சிற்பி வெண்கலத்தில் ஒரு சின்னச் சிலை செய்தார். இந்த ஆட்டம் ஊரைவிட்டுப் போக ஆரம்பித்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அப்போது அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர்கூட இல்லை. சதிர். 1930-களில் மியூசிக் அகாடமியில் பேசிப் பேசித்தான் அந்தப் பெயர் போய் இந்தப் பெயர் நிலைத்தது.

பெயரோடு ஆட்களும் போனார்கள். இதை உனக்கு அரங்கேற்ற மலரில் யாரும் எழுதித் தர மாட்டார்கள், அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன். எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மழை நாள் ஒன்றில் வயதான அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. அதிலிருந்து ஒரு பைஜாமாவை எடுத்தார். அவருடைய பாட்டி சதிர் ஆடியபோது போட்டது. நாடா இற்றுப்போயிருந்தது, புது நாடா கோத்துத் தர முடியுமா என்று கேட்டார். விரித்துப் பார்த்தேன். மில் சாட்டின் துணி. ரோஜா நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. தையல் முழுக்கக் கைத்தையல், அரிசி அரிசியாக, ஒன்றோடொன்று பிசகாமல். கணுக்காலில் சுற்றிவர சீமை லேஸ். பட்டு இல்லை, ஜரிகை இல்லை. எவ்வளவு பழையது என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. போட்டோ எடுக்கட்டுமா என்றேன். "வேண்டாம்மா, எங்களைப் போட்டோ எடுத்தது போதும்" என்றார். நாடா கோத்துக் கொடுத்தேன். காசு வாங்க மனம் வரவில்லை, அவர் விடவில்லை. இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

1947-ல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. வந்தது நல்லதுதான் என்று நினைக்கிறவள் நான். ஆனால் பழக்கத்தை ஒழிக்கப் போன கை, அந்தப் பெண்களின் மேடையையும் சேர்த்தே காலி செய்துவிட்டது. அந்த அம்மாவின் பேத்தி ஏதோ ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாளாம். ஆடத் தெரியாதாம்.

என் கையில் வந்துபோனதில் ஒறிஜினலுக்கு ரொம்பக் கிட்டே இருந்தது அந்தச் சாட்டின் பைஜாமாதான். அதைத் தைத்துத் தரட்டுமா? சீமை லேஸ் வைத்து? இந்த ஊர் சபாவில் நீ அதைப் போட்டுக்கொண்டு வந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள்தான் முதலில் முகம் சுளிப்பார்கள்.

முன்வரிசை என்றதும் இன்னொன்று. நீ வாங்கியிருப்பது மதியம் இரண்டு மணி ஸ்லாட். சீசனில் மதியம் இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள் தெரியுமா? ஆடுகிற பிள்ளையின் அம்மா, அத்தை, அடுத்து ஆடப்போகிற பிள்ளையின் அம்மா. கேன்டீனில் இலை போடுகிற நேரம் அது, அங்கே இருக்கிற கூட்டத்தில் கால்வாசி உள்ளே வந்தால் அதிர்ஷ்டம். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் லஸ் பக்கம் ஆட்டோவே வர மாட்டேன் என்கிறான். மேடை கொடுக்கப் பணம் கேட்கிற இடங்களும் உண்டு. உன்னிடம் கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை, அம்மாவிடம் நீயே கேட்டுக்கொள். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சர்ட்டிபிகேட் கொடுக்க இங்கே ஒரு பெரிய சபை உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வராதே. நாற்காலிதான் இருக்கும். நல்லதாகப் பத்துப் பேர் வந்தால் அந்தப் பத்துப் பேருக்கு ஆடு.

இனி உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பியது உனக்குத் தெரியும். உன் அம்மா தனியாக எனக்கு அனுப்பியது உனக்குத் தெரியாது. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். நாங்கள் டொரண்டோ என்கிற ஊரை 'ரொறன்ரோ' என்று எழுதியிருந்தார். அதை வாயால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், அந்த ஊரே வேறு ஊராகிவிட்டது. எழுத்துக்குக் கீழே குரல் பதிவு: "தங்கச்சி, என்ர கூறையை வெட்டித் தைக்கேலுமோ? அது இருந்தால் பிள்ளைக்கு வடிவா இருக்கும். அவள் வேண்டாமாம், கலியாணச் சீலை மாதிரிக் கிடக்காம்."

வடிவா! எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஆளின் பெயரில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

நான் கேட்டேன், அந்தக் கூறையை, கல்யாணப் புடவையை, எங்கே எடுத்தது என்று. தி. நகரில் எடுத்ததாம், 1998-ல். உன் அம்மா வளசரவாக்கத்தில் ஒரு வாடகை மாடியில் கனடா விசாவுக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்திருக்கிறார். அந்தப் பக்கத்துத் தெருக்களில் அப்போது பாதி வீடுகளில் இப்படிக் காத்திருந்தவர்கள்தான். மாப்பிள்ளை அங்கே, பொண்ணு இங்கே. விசா வந்த வாரத்தில் ஓட்டமாகப் போய், கூட்டத்தில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் சார்பில் யாரோ ஒரு தூரத்து மாமி தேர்ந்தெடுத்த புடவையாம். அரக்கு, பச்சைக் கரை. 'எனக்கு அந்த நிறம் பிடிக்கேல்லை தங்கச்சி, ஆனால் அப்ப ஆர் கேட்டது' என்று சொல்லிச் சிரித்தார். யாழ்ப்பாணத்துப் பெண், சென்னையில் எடுத்த புடவை, கல்யாணம் ஸ்கார்பரோவில். இப்போது அது திரும்பி மயிலாப்பூர் வந்து, வெட்டுப்பட்டு, மறுபடி அங்கே போக வேண்டுமாம். மண்வாசனை கேட்டவரை இந்தப் புடவையைக் கொஞ்சம் மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பாச்சை உருண்டை வாசனைதான் வரும், அது வேறு.

கூறையில் கத்திரி வைக்க எனக்கு பயம். ஒரு தடவை கை சுட்டிருக்கிறது. வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு, அவள் பாட்டியின் புடவையைப் படத்தில் மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். வந்த பிறகு பார்த்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு இற்றிருக்கிறது. எச்சரிக்காமல் தைத்தேன். தில்லானாவில் முட்டியை முழுக்க மடக்கி முழுமண்டி உட்கார்ந்தபோது உள்தொடைப் பக்கம் ஒரு சாண் கிழிந்தது. பிள்ளை அசராமல் முடித்துவிட்டாள், அது அவள் கெட்டிக்காரத்தனம். தப்பு என்னுடையது.

அதனால் இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. கூறையின் உடல் பகுதியில் பைஜாமா தைக்க வேண்டாம், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான பட்டு, முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காருகிற அரைமண்டியின் இழுப்பைத் தாங்காது. பைஜாமாவுக்கும் ரவிக்கைக்கும் ஆரணிப் பட்டில் அதே அரக்கு இங்கே கிடைக்கும், லேசாகவும் இருக்கும். கூறையின் முந்தானையை மட்டும் எடுத்து விசிறி மடிக்கிறேன். விசிறிக்கு இழுப்பு வராது, மேலே ஒரு பிடி, பக்கத்தில் இரண்டு தையல், அவ்வளவுதான். நீ நிற்கும்போது அது மூடிக் கிடக்கும், உட்கார்ந்தால் விரியும். விரிந்தால் ஜரிகை முழுக்கத் தெரியும். பச்சைக் கரையைக் கணுக்காலுக்குக் கொடுக்கலாம், உள்ளே காட்டன் வைத்துத் தைத்தால் நிற்கும். மிச்சப் புடவையை அப்படியே மடித்துத் திருப்பி அனுப்புகிறேன். உன் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முந்தானையை மட்டும் எண்டால் சரி" என்றார். பிறகு, "முழுசையும் எண்டாலும் சரிதான்" என்றார்.

நீ சம்மதித்தால் மட்டும்தான். ஆடப்போவது நீ.

வேண்டாம் என்றால் உன் படத்தில் வட்டம் போட்ட அதே மடிப்பை அப்படியே தைத்துத் தருகிறேன், கோபமே வராது. ஆனால் அதை ஒறிஜினல் என்று பில்லில் எழுதச் சொல்லாதே.

அளவு விஷயம். நீ அனுப்பிய அளவுகள் எல்லாம் நின்றுகொண்டு எடுத்தவை. கடைப் பாண்டுக்கு அது சரி, இதற்கு ஆகாது. முட்டி மடங்கும்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வெளிப்பக்க நீளம் கூடும். நின்ற அளவில் தைத்தால் நீ உட்கார்ந்த நிமிஷம் பைஜாமா ஏறி, கெண்டைக்கால் தெரியும். அதனால் அரைமண்டியில் உட்கார். உன் டீச்சர் திட்டாத அளவுக்கு நன்றாக உட்கார். இடுப்பெலும்பிலிருந்து முட்டியைச் சுற்றிக் கணுக்கால் வரை டேப்பை ஓட்ட வேண்டும். நீயே எடுக்க முடியாது, குனிந்தால் அளவு மாறிவிடும். அம்மாவை எடுக்கச் சொல். இரண்டு காலையும் தனித்தனியாக, யாருக்கும் இரண்டும் ஒன்றாக இருக்காது. மார்பு அளவில் மூச்சை இழுத்துப் பிடிக்காதே, போன தடவை பிடித்திருக்கிறாய், எனக்குத் தெரியும். ரவிக்கையில் பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

கூறையை அனுப்புமுன் அயர்ன் பண்ண வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். பழைய மடிப்பிலேயே மடிக்காமல், பழைய வேட்டி ஒன்றில் வைத்துச் சுருட்டி அனுப்பட்டும். ஐப்பசி பிறப்பதற்குள் என் கைக்கு வர வேண்டும், தீபாவளிக்கு மிஷின் எல்லாம் ரவிக்கையில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், முந்தானையில் தலைப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு கறை இருக்கிறதாம். பாயசக் கறை, கல்யாணத்தன்று விழுந்தது என்றார் அம்மா. அது மடிப்புக்கு உள்பக்கம் போகிற மாதிரி வைக்கவா, வெளியே தெரிந்தால் பரவாயில்லையா? உங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

அன்புடன்,
டைலர் ஆன்ட்டி