தொப்பியைக் கண்ணாடிக்குள் போடாதே

அன்பின் தோழிக்கு,

நலம். உன் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். உன் கடிதமும், அதற்குப் பின் கைப்பேசியில் அனுப்பிய படமும் கிடைத்தன. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. கொட்டகலைப் பக்கம் மண் சரிந்து பஸ் ஓடாமல் கிடந்தது. இப்போதுதான் பாதையைத் திறந்திருக்கிறார்கள். அண்ணி கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அவருடைய சின்னவன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான்.

இனி, தம்பியின் அந்தப் பழைய தொப்பி அத்தை பின்னியதுதானா, அதை என்ன செய்யலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது என் அத்தை பின்னிய தொப்பிதான், சந்தேகமே வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவாக இருந்தாரே, தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே மடியில் குரோஷே பின்னுவாரே, அவரேதான். ஓரம் முழுக்கச் சிப்பி சிப்பியாக வருகிறது பார், ஒவ்வொரு சிப்பிக்கும் ஐந்து கண்ணி. நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னுவது அத்தையின் வழக்கம். அதனால் அவர் கண்ணிகள் மற்றவர்களுடையதைவிட நெருக்கமாக விழும். காதுப் பக்கத்தில் வெள்ளை முடிந்து கரும்பச்சை தொடங்குகிறதே, அது அழகுக்காக மாற்றிய நிறம் இல்லை. வெள்ளை நூல் அவ்வளவுதான் இருந்தது.

அப்போது கம்பளி நூலுக்கு எங்கே போவது? 1974இல் தோட்டங்களில் சோற்றுக்கே ஆலாய்ப் பறந்தோம். துரை பங்களாவில் சமைக்கும் அப்புவின் மனைவி கொடுக்கும் பழைய ஸ்வெட்டர்களை அத்தை பிரித்தெடுப்பார். பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, நனைத்து, அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய்வதற்குள் நேராகிவிடும். எல்லா நெளிவும் போகாது. உன் தொப்பியின் உச்சியில் அந்த நெளிவு இன்னும் இருக்கிறது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டபோது நம்மை யார் கேட்டார்கள்? உன் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார், என் அப்பா இலங்கைக்குப் போட்டார். பத்து வருடம் கழித்து அந்தத் தாளின்படி நீ கோச்சி ஏறினாய், நான் ஸ்டேஷனில் நின்றேன். உன் அம்மா இடுப்பில் இருந்த தம்பியின் தலையில் இந்தத் தொப்பி இருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமின் அந்த வெக்கையில் கம்பளித் தொப்பியை உன் அம்மா தூக்கி எறியாமல் கோத்தகிரி வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நம் வீடுகளில் பரம்பரைச் சொத்து என்று என்ன இருக்கிறது, சொல்? நகை அடகுக்குப் போனது. நாம் குடியிருந்த லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். தாத்தா பாட்டிக்குப் போட்டோகூட இல்லை. ஆயாவாவதற்கு முன் அத்தை எடுத்த கொழுந்து அத்தனையும் ராத்தல் கணக்கில் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஏறியது, ஆலையில் தூளானது, யார் வீட்டுக் கோப்பைக்கோ போனது. அவர் கை செய்து, அவர் கையின் இறுக்கம் மாறாமல் இன்றும் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது இந்தப் பின்னல்கள்தாம்.

அண்மையில் ஒன்று படித்தேன். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரிகள் அங்குள்ள பெண்களுக்கு குரோஷே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்களாம். அதை விற்ற காசில் எத்தனையோ குடும்பங்கள் உயிர் தப்பியிருக்கின்றன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் முன்னோர் பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். அத்தைக்குச் சொல்லிக்கொடுத்ததும் கன்னியர் மடத்தில் தையல் படித்த ஓர் ஆசிரியைதான். ஸ்வெட்டரை இயந்திரம் பின்னிவிடும். குரோஷேயை அதே மாதிரி பின்னுகிற இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே எங்கே உண்மையான குரோஷேயைக் கண்டாலும், அதன் ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கை வைத்திருக்கிறார்.

கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா, இல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அது நமக்கு வேண்டிய இடம். கூடையும் கவ்வாத்துக் கத்தியும் கம்பளியும் அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தொப்பியைப் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போட்டுவிடு. பிள்ளைத் தலைக்கு என்று பின்னியது பிள்ளைத் தலையில் இருக்கட்டும். வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுத்துப்போகும், தொங்கிக்கொண்டே இருந்தால் பின்னல் இழுபட்டு நீண்டுவிடும். அதைவிட, யார் பின்னினார் என்று சொல்ல ஆளில்லாமல் கொஞ்ச நாளில் அது வெறும் பழைய துணியாகிவிடும். தலையில் போடும்போதுதான் வீட்டில் கதை எழும்.

போடுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு, கசக்காமல் அமுக்கி அலசு. வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கி அட்டையாகிவிடும். முறுக்கிப் பிழியாதே, துவாய்க்குள் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு நிழலில் தட்டையாகப் பரப்பிக் காயவை. எடுத்து வைக்கும்போதும் அழுக்கோடு வைக்காதே, பாலும் வியர்வையும் பட்ட கம்பளியைத்தான் பூச்சி முதலில் தின்னும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், நம் இரண்டு ஊர் மூடுபனிக்கும் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வை, ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் அங்கேதான் இற்றுப்போகும்.

உச்சியில் ஒரு கண்ணி விட்டிருப்பது படத்தில் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிடாதே, குரோஷேயில் ஓர் இடம் அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் கழன்று வரும். இப்போதைக்கு ஒரு நூலைக் கோத்துக் கட்டி வை. இன்னொன்று, இதைத் தள்ளிப் போடவே கூடாது: சின்ன வெள்ளைத் துணியில் அத்தை பெயர், நம் தோட்டத்தின் பெயர், தம்பி பெயர், வருடம் எல்லாவற்றையும் நூலால் எழுதி உள்பக்கம் தைத்துவிடு. அத்தையைக் கண்ணால் கண்டவர்களில் உன் பக்கம் நீயும் தம்பியும்தான் மிச்சம். நாமும் போனபின் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

அத்தையின் கொக்கி ஊசி இப்போது அண்ணன் மகளிடம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்க இயந்திரத்தில் தைத்துவிட்டு வருகிறவள் இரவில் போர்டிங்கில் உட்கார்ந்து பின்னுகிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது சிப்பி ஓரத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். கண்ணி இன்னும் கொஞ்சம் தளர்வாகத்தான் விழுகிறது; ஆனால் சுண்டுவிரலில் இரண்டு சுற்று, அதை நான் சொல்லாமலே செய்கிறாள். உன் பேரப்பிள்ளைக்குத் தொப்பிக்குப் பொருத்தமாக காலுக்கு ஒரு சோடி மேஸ் பின்னித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பகல் வெளிச்சத்தில் தொப்பியை இன்னொரு படம் எடுத்து அனுப்பு, அந்தக் கரும்பச்சைக்கு ஒத்த நூலைக் கொழும்பில் தேட வேண்டும். தை மாதம் எங்கள் பக்கத்து வீட்டார் திருச்சிக்கு வருகிறார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். மகளுக்கு எந்த மாதம் என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அதை எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி
ஹட்டன்