இரண்டுமே உயிரோடுதான் இருந்தன

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு வாரம் திரைப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்குத்தான் கை அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பதும் சேர்த்து.

மகளுக்கு வேலை கிடைத்ததை இரண்டே வரியில் எழுதிவிட்டு, புதுசாக வாங்கிய ஸ்டோரேஜைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இனி உன் இரண்டு பக்கத்துக்கு வருகிறேன்.

"இரண்டு சர்வர், ஒன்றில் எழுதுவது உடனே மற்றதிலும் பதியும், ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும், இனிக் கவலை இல்லை." கடைசி மூன்று சொல்லைத் தவிர எல்லாம் சரி. நகல் எடுப்பது இதில் சுலபமான பாதி. எதிரில் இருப்பது உண்மையிலேயே செத்துவிட்டதா, இல்லை நமக்குத்தான் அதன் குரல் கேட்கவில்லையா என்று தீர்மானிப்பதுதான் பாடாய்ப் படுத்தும் பாதி. ஒரு நோடிலிருந்து, அதாவது ஒரு சர்வரிலிருந்து, பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹார்ட்பீட் வரவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்களும் உன்னைப்போல் இரண்டு நோடுதான் வைத்திருந்தோம். வட்டை நெட்வொர்க் வழியாக நகலெடுக்க டிஆர்பிடி என்ற மென்பொருள், மேலே யார் பொறுப்பில் இருப்பது என்று பார்த்துக்கொள்ள பேஸ்மேக்கர். ஹார்ட்பீட்டும் நகலும் ரேக்குக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகப் போயின. பயனர்கள் வருவது வேறு வழி. ஒரு நாள் அந்தச் சின்ன ஸ்விட்சின் அடாப்டர் பிளக் தளர்ந்து கழன்றுவிட்டது. முதல் நோடு, "அவன் போய்விட்டான், நான்தான் தலைவன்" என்றது. இரண்டாவதும் அச்சு அசலாக அதையே சொன்னது. இரண்டும் ஒரே ஐபி முகவரியைத் தன்னுடையது என்று அறிவித்தன. சில கணினிகள் இதைப் பிடித்துக்கொண்டன, சில அதை. நான்கு மணி நேரம் யாருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் சந்தோஷமாக வேலை பார்த்தார்கள், ஆளுக்கொரு வட்டில்.

பிளக்கைத் திரும்பச் செருகியதும் லாகில் ஸ்ப்ளிட் பிரெயின் என்று வந்தது, அதாவது இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிவிட்டன. இரண்டும் ஸ்டாண்ட்அலோன் நிலைக்குப் போய் ஒன்றோடொன்று பேச மறுத்துவிட்டன. ஆள் போய்விட்டதாக நினைத்துச் சொத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு அவரே வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதுதான். எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான்: ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நோடில் நீயே உட்கார்ந்து 'டிஸ்கார்ட் மை டேட்டா' என்று தட்டச்சு செய்ய வேண்டும். என் தரவைத் தூக்கிப் போடு! அதைத் தட்டுவதற்கு முன், இரு பக்கமும் மாறியிருந்த கோப்புகளைப் பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு நாள் பிடித்தது.

தப்பு ஸ்விட்ச் மேல் இல்லை. சந்தேகம் வந்தால் எதிர் நோடின் மின்சாரத்தை வெட்டிவிட்டுத்தான் பொறுப்பை எடுக்க வேண்டும் என்பதற்குத்தான் ஃபென்சிங் இருக்கிறது. பேஸ்மேக்கரில் அதற்கு ஸ்டோனித் என்று பெயர். விரித்தால் "மற்ற நோடின் தலையில் சுடு" என்று வரும். ரசனை கெட்ட பெயர்தான், ஆனால் வேலையைச் சரியாகச் சொல்கிறது. பரிசோதனை நாட்களில் அது சர்வரைத் திரும்பத் திரும்ப ரீபூட் பண்ணித் தொல்லை கொடுத்ததால் நான்தான் அணைத்து வைத்தேன். பிறகு போட மறந்தேன்.

நீ போடும்போது இரண்டு விஷயம் பார். எதிர் நோடை அணைக்கிற கட்டளை அதன் ஐபிஎம்ஐ போர்டுக்கு (சர்வரைத் தூரத்திலிருந்து அணைக்க அதற்குள்ளேயே இருக்கும் சின்னப் பலகை) போகிறது என்று வைத்துக்கொள். அந்தப் போர்டும் அதே சர்வரின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பவர் மொத்தமாகப் போனால் போர்டும் பதில் சொல்லாது. கொன்றதற்கு உறுதி கிடைக்காமல், உயிரோடு இருக்கும் நோடு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அதனால் இரண்டாவது வழியாக, வெளியிலிருந்து அணைக்கக்கூடிய பிடியு (ரேக்குக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பலகை) ஒன்று வை. அடுத்து, தொடர்பு அறுந்தால் இரண்டும் ஒரே நொடியில் ஒன்றையொன்று சுட்டு இரண்டும் விழும். ஒன்றுக்கு மட்டும் சில நொடி தாமதம் கொடுத்துவிடு.

அதைவிட நல்லது, யார் எழுதுவது என்று தீர்மானிக்க மூன்றாவது வாக்கு. அதில் தரவு இருக்க வேண்டியதில்லை. டிஆர்பிடி 9 வரிசையில் வட்டே இல்லாத நோடைக்கூட நடுவராக வைக்கலாம், ஹார்ட்பீட்டைக் கவனிக்கும் கோரோசிங்க் மென்பொருளில் அதே வேலைக்கு கியூடிவைஸ் இருக்கிறது. ஒரு பழைய பெட்டி போதும், ஆனால் வேறு ஸ்விட்ச், வேறு மின்சாரம். பெரும்பான்மை யார் பக்கமோ அவர்தான் எழுதலாம். மூன்று பேரில் ஒருவர் போனால் தாங்கும். நான்கு ஆக்கினாலும் ஒருவர்தான், இரண்டு பேரைத் தாங்க ஐந்து வேண்டும். உறுப்பினர்கள் வருவதும் வெளியே போவதுமாக இருந்தாலும் தீர்மானங்கள் மட்டும் முரண்படாத ஒரு கற்பனை நாடாளுமன்றமாக இதை கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1990-லேயே எழுதிவிட்டார். அது அச்சேற 1998 ஆனது. வேடிக்கையாக எழுதினால் யாரும் மதிப்பதில்லை போலிருக்கிறது.

வாக்கு இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதே. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று ஒரு டேட்டா சென்டரின் இணைப்பு 43 நொடி அறுந்தது. வாக்கெடுப்பு ஒழுங்காக நடந்து, எழுதும் பொறுப்பு கிழக்குக் கரையிலிருந்து மேற்குக்குப் போனது. ஆனால் கிழக்கில் கடைசிச் சில நொடிகளில் எழுதியவை மேற்குக்கு வந்து சேரவில்லை. அதற்குள் மேற்கில் புதிய எழுத்து விழுந்துவிட்டது. சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. நகல் மறுமுனையில் பதிந்த பிறகுதான் "எழுதியாயிற்று" என்று சொல்கிறதா என்பதை உன் அமைப்பில் பார்.

பல சர்வர்களின் வட்டுகளில் தரவைப் பரப்பி நகல் வைக்கும் செஃப் பக்கம் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம், ஆனால் வட்டு நிறையும் கணக்கைப் போட்டுவிட்டுப் போ. நான்கு சர்வர், மூன்று நகல், ஒவ்வொன்றும் 70 சதவீதம் நிறைந்திருக்கிறது. ஒன்று விழுந்து 10 நிமிடத்தில் திரும்பாவிட்டால், செஃப் தானாகவே அதன் பங்கை மற்ற மூன்றுக்கும் பிரிக்கத் தொடங்கும். மொத்தம் 280, மூன்றால் வகுத்தால் 93. 90-ஐத் தொட்டதும் புதிய நகல்களை ஏற்பது நின்றுவிடும், 95-இல் எழுதுவதே நிற்கும். இது வட்டுகள் எல்லாம் சமமாக நிறைந்திருந்தால். நிஜத்தில் அப்படி ஒருபோதும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் யாராவது வந்து "மின்சைஸை (எழுத்தை ஏற்கக் குறைந்தது எத்தனை நகல் வேண்டும் என்ற எண்ணை) 1 ஆக்கிவிட்டால் வேலை ஓடுமே" என்பார்கள். ஓடும். ஒரே ஒரு நகலில் ஓடும். அந்த வட்டும் போனால் தேடுவதற்கு ஒன்றுமிருக்காது. தலையாட்டாதே. பேக்கப் தனி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை: தப்பாக அழித்த கோப்பு மூன்று நகலிலும் ஒரே வேகத்தில்தான் அழியும்.

தரவை ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை செய். இரண்டு நோடும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹார்ட்பீட் கேபிளை மட்டும் கையால் பிடுங்கு. சர்வரை அணைத்துப் பார்க்காதே, அந்தச் சோதனையில் எங்களுடையதும் தேறிவிட்டது. கேபிளைப் பிடுங்கியதும் எது நின்றது, எது எழுதியது, எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்து அனுப்பு. மகளின் வேலையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்