சாவி கொடுக்கும்போது ஒயில் கண்ணாடியையும் காட்டுங்கள்

மலையகத்து ஊர்களில் புது மோட்டார் சைக்கிள் விற்கும் ஷோரூம் முதலாளிமாருக்கும், அங்கே வேலை செய்யும் சேர்விஸ் பாஸ்மாருக்கும்,

வணக்கம்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு, உங்களில் ஒருவரிடம்தான் பைக் எடுத்தேன். யாரிடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் புதுசு எடுத்த நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன், கடை வேறு வேறாக இருந்தாலும் கதை ஒன்றாகத்தான் இருந்தது.

சாவி தந்த நாளைக் குறை சொல்ல முடியாது. அட்டையில் செய்த பெரிய சாவியை என் கையில் தந்து போட்டோ எடுத்தீர்கள். லீசிங் தாள்களில் கை வலிக்கக் கையெழுத்து வைத்தேன். டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினோம். 500 கிலோமீற்றரில் முதல் சேர்விஸ் என்று ஒரு கார்டில் எழுதித் தந்தீர்கள். இத்தனைக்கும் ஒரு மணித்தியாலம் போனது. அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒயில் என்ற சொல் ஒரு தடவைகூட உங்கள் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பேன்.

முதல் சேர்விஸ் முடிந்து சில கிழமைகள் இருக்கும். ஒருநாள் சாயந்தரம் குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்ஜினின் வலப்பக்கம், கீழே, வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஒயில் பார்க்கிற இடம் இதுதான் போல என்று குனிந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கண்ணாடி. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இன்னும் மூன்று வருஷம் லீசிங் கட்ட வேண்டிய வண்டி.

உடனே டவுனுக்கு ஆள் அனுப்பி ஒரு லீற்றர் போத்தல் எடுப்பித்தேன். தண்ணீர்ப் போத்தலின் தலையை வெட்டிப் புனலாக்கி ஊற்றினேன். கால் போத்தல் ஊற்றியும் கண்ணாடியில் வரவில்லை. அரைப் போத்தலுக்குக் கிட்ட வந்தபோதுதான் கீழ்க்கோட்டுக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. அப்பாடா என்று மூடினேன்.

மறுநாள் காலை பிரட்டு, அதுதான் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டம், முடிந்து மேல் டிவிசனுக்கு ஏறினேன். பாதி ஏற்றத்திலேயே வண்டி இழுக்க மறுத்தது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் நீலப் புகை. இறங்கிப் பார்த்தேன். எயார் கிளீனர் பெட்டிக்குக் கீழே இருக்கிற குழாயிலிருந்து ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷோரூமுக்குப் போன் எடுத்தேன். "புத்தகத்தில் எல்லாம் போட்டிருக்கு, நீங்க வாசிக்கல்லியா?" என்று ஒரு தம்பி கேட்டார். வாசித்தேன் தம்பி, அப்புறம்தான். இங்கிலீஷ் புத்தகம். வண்டியை நேராக நிமிர்த்தி வைத்துத்தான் ஒயில் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை: புது எயார் ஃபில்டர், புது ஒயில், தள்ளிக்கொண்டு வந்ததில் ஒரு நாள் சம்பளம்.

வண்டியைச் சரிபண்ணியது ரோட்டோரக் கராஜில் ஒரு பாஸ். மேலே ஒரு தகரம், கீழே ஒரு சாக்கு, அவ்வளவுதான் அவருடைய கராஜ். கேட்ட முதல் கேள்வியே, "சைட் ஸ்டான்டில வச்சா பார்த்தீங்க?" என்பதுதான். ஆமாம் என்றேன். சிரித்தார். பிறகு வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப பாருங்க" என்றார். கண்ணாடி முழுக்க ஒயில், மேல்கோடே கண்ணுக்குத் தெரியவில்லை. கையை விட்டு சைட் ஸ்டான்டில் சாய்த்தார். ஒயில் இறங்கி இடப்பக்கம் போனது, கண்ணாடி காலி. மறுபடி நிமிர்த்தினார், நிறைந்தது. மூன்று தடவை அப்படிக் காட்டினார். முதலாளிமாரே, இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. நீங்கள் அதைச் செய்திருக்கலாம்.

ஒயில் கூடினால் என்ன, நல்லதுதானே என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். ஒயில் கூடிப்போனால் உள்ளே சுற்றுகிற கிராங்க் அதை அடித்துக் கலக்குகிறது. கடையில் பால் டீ ஆற்றும்போது நுரை எழும்புகிறதே, அதே மாதிரி. நுரைக்குள் காற்றுத்தான் பாதி, அது தேய்மானத்தைத் தடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற, மூச்சு விடுகிற குழாய் வழியாக ஒயில் எயார் கிளீனருக்குப் போகிறது. அங்கிருந்து எரிகிற இடத்துக்கு. அதுதான் அந்த நீலப் புகை.

என் மச்சானுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அவருடைய வண்டியில் கண்ணாடி கிடையாது, மூடியோடு சேர்ந்த கம்பிதான். துடைத்துவிட்டு, மூடியைத் திருகாமல் சும்மா இறக்கி எடுத்துப் பார்க்க வேண்டிய கம்பி அது. இவர் ஒவ்வொரு தடவையும் நல்லாத் திருகி மூடிவிட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார். திருகினால் கம்பி இன்னும் ஆழம் போகும், ஒயில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். போதும் போதும் என்று ஓடிக்கொண்டே இருந்தார். மேல் என்ஜினில் கட கட என்று சத்தம் வந்தபோதுதான் கொண்டுபோனார். வாரன்டி கேட்டதற்கு, ஒயில் அளவு பார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு என்று பதில். சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். சில வண்டிகளில் திருகித்தான் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது, கம்பனிக்குக் கம்பனி மாறும். அதனால்தான் விற்கிறவர் அந்த வண்டியிலேயே தொட்டுக் காட்ட வேண்டும் என்கிறேன்.

சரி, கீழ்நாட்டிலும் இதே பிரச்சினை இருக்கிறதே, மலைக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். முதல் விசேஷம், எங்களுக்குச் சமதரை கிடையாது. புத்தகம் எழுதியவர் எங்கள் லயத்து வாசலைப் பார்த்ததில்லை. வாசல் சரிவு, ரோடு சரிவு, கோயில் முற்றம்கூட ஒரு பக்கம் இறக்கம். வண்டியை நிமிர்த்திப் பிடித்தாலும், மூக்கு கீழே பார்த்து நின்றால் அளவு பிழைக்கும்.

நான் கண்டுபிடித்த இடம் கொழுந்து மடுவம். பறித்த கொழுந்தை நிறுக்கத் தராசு வைக்கிற இடம், சீமெந்துத் தரை மட்டமாக இருக்கும். அரைக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் சண்டை வருகிற இடமல்லவா. தரையில் ஒரு தேசிக்காயை வைத்துப் பார்த்தேன், உருளவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை அங்கே கொண்டுபோகிறேன். வீட்டிலிருந்து மடுவத்துக்கு வரும்போதே என்ஜின் கொஞ்சம் சூடாகிவிடும். நிறுத்தி மூன்று நிமிஷம் விடுகிறேன், மேலே ஒட்டியிருக்கிற ஒயில் வடிந்து இறங்கட்டும் என்று. பக்கத்து வீட்டுப் பையன் ஹேன்டிலைப் பிடித்து நிமிர்த்திக்கொள்வான். பழந்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முழங்காலில் நின்று கண்ணை அதற்கு நேராக வைத்துப் பார்ப்பேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் எழும்பிவிடுவேன். கீழ்க்கோட்டைத் தொட்டால்தான் போத்தல். அதுவும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி பார்த்து. முழு என்ஜினுக்கே ஒரு லீற்றர் சுற்றித்தான் பிடிக்கிற வண்டியில் நான் அரை லீற்றர் ஊற்றியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

புது என்ஜின் கொஞ்சம் ஒயில் குடிக்கும் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு பழகும் வரைக்கும் அப்படித்தான் என்று பாஸ் சொன்னார். அந்தப் பழக்கத்தில் உரசிவருகிற மெல்லிய இரும்புத்தூள் ஒயிலில் கலப்பதால்தான் முதல் ஒயிலை அவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறார்களாம். நானோ 500 கிலோமீற்றர் சேர்விஸைக் காசு பிடுங்குகிற வழி என்று நினைத்து, பிந்திப் போகலாமா என்றுகூட யோசித்தேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த நினைப்பே வந்திருக்காது.

அடுத்தது குளிர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துப் பக்கம் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் மூடுபனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். என் ஓட்டமெல்லாம் துண்டு துண்டு: வீட்டிலிருந்து பிரட்டுக்களம், அங்கிருந்து மலைக்கு, மலையிலிருந்து மடுவம். ஒன்றுகூட மூன்று கிலோமீற்றர் வராது. என்ஜின் சூடு பிடிப்பதற்குள் நிறுத்திவிடுகிறேன். உள்ளே வேர்க்கிற ஈரம் ஆவியாகிப் போக வழியில்லை. ஒருநாள் ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக, பால் டீ ஆடை மாதிரி ஒட்டியிருந்தது. பயந்துபோய்ப் பாஸிடம் ஓடினேன். மூடியில் மட்டும் என்றால் ஈரம்தான், கிழமைக்கு ஒருதடவை ஹட்டன் வரைக்கும் போய் வாருங்கள் என்றார். போய் வந்தேன், குறைந்துவிட்டது. ஒயில் முழுவதுமே பால் நிறமாகிவிட்டால் மட்டும் ஓட்டாமல் கராஜுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒயில் கறுத்துப்போனால் கெட்டுவிட்டது என்று பதறுகிறோமே, அதில் அவ்வளவு பயமில்லை, அழுக்கை ஏந்திக்கொள்வதும் அதன் வேலைதானாம்.

ஏற்றத்தையும் சொல்ல வேண்டும். முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறுகிற வண்டிக்குக் காற்று படுவது குறைவு. காற்றில் குளிர்கிற என்ஜின்களில் சூட்டைச் சுமந்துபோவதில் ஒயிலுக்கும் பங்கு உண்டு. குறைந்த ஒயிலோடு ஏறினால் இருக்கிற கொஞ்சத்துக்கே எல்லா வேலையும். சிவனொளிபாதமலை சீசனில் கீழிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பையன்கள் எங்கள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். மீற்றரில் லைட் ஒன்றும் எரியவில்லையே அண்ணன் என்பார்கள். எரியாது. நம் பக்கம் ஓடுகிற சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒயிலுக்கென்று லைட்டே கிடையாது. மஞ்சளாக என்ஜின் படம் போட்ட லைட் வேறு விஷயத்துக்கு. இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எந்த ஒயில் என்பதிலும் எங்களை இருட்டில் விட்டிருக்கிறீர்கள். தோட்டத்து லொறிக்கு ஊற்றியதில் மிச்சத்தைப் பைக்குக்கு விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கியர் பைக்கில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் நனைகின்றன. வழுக்கலைக் கூட்டுகிற சரக்குச் சேர்த்த கார் ஒயிலை விட்டால் கிளட்ச் வழுக்கும். முறுக்கினால் சத்தம் வரும், வண்டி ஏறாது. போத்தலில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று, கிளட்ச் வழுக்காத பைக் ஒயிலுக்கான தரக்குறி போட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு எம்பி (MB) என்று வேறு. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்கிற எண்கள் ஒயிலின் தடிப்பைச் சொல்கின்றன, உங்கள் கம்பனி சொன்னதுதான் கணக்கு. அந்த இரண்டு வரியைத் தமிழில் அடித்து சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கராக ஒட்டித்தர எவ்வளவு செலவாகும்?

தமிழில் என்றதும் நான் மொழிப் பிரச்சினை கிளப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, அது அரசாங்கக் கந்தோர் கதை. நான் கேட்பது வியாபாரக் கதை. லீசிங் தவணை பிந்தினால் மட்டும் நல்ல தமிழில் போன் வருகிறதே.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கி ஓடியவர்கள் நாங்கள். சொட்டுக் கணக்குப் பார்க்க எங்களுக்குத் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அதனால், சாவி கொடுக்கிற நாளில் போட்டோவுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். வாங்குகிறவரையே குனியவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் வண்டி எடுக்க வந்தால் கூடவந்த அண்ணனிடம் பேசாமல் அவர்களிடமே காட்டுங்கள், ஓட்டப்போவது அவர்கள். வடித்து எடுக்கிற பழைய ஒயிலை வடிகானில் ஊற்றுகிற பழக்கத்தையும் விடுங்கள். எங்கள் பக்கத்து வடிகான்கள் மஸ்கெலியா ஓயாவுக்கும் கெஹெல்கமு ஓயாவுக்கும் போகின்றன, இரண்டும் சேர்ந்ததுதான் களனி கங்கை.

இன்னொரு சின்னக் கணக்கும் பாக்கி இருக்கிறது. சேர்விஸுக்கு ஒரு லீற்றர் போத்தல் என்று பில் போடுகிறீர்கள். என் வண்டிக்கு ஒயில் மாற்றும்போது 900 மில்லிலீற்றர்தான் பிடிக்கிறது, பாஸ் அளந்து காட்டினார். மிச்சம் 100 மில்லிலீற்றர் நான் காசு கொடுத்தது, அதே ஒயில், இடையில் குறைந்தால் ஊற்ற அளவாக இருக்கும். அடுத்த சேர்விஸுக்கு வரும்போது போத்தலோடு கேட்பேன், எடுத்து வையுங்கள். ஒயில் எங்கே காட்டுவது, இங்கே சமதரை ஏது என்று சொல்லிவிடாதீர்கள். டவுனிலேயே மட்டமான தரை உங்கள் ஷோரூமின் டைல்ஸ் தரைதான்.

இப்படிக்கு,
ஒரு கணக்கப்பிள்ளை,
மஸ்கெலியா.