விடுதி வரவேற்பறையோடு முடியும் சுற்றுலாப் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகங்களில் சுற்றுலாப் படிப்புக்குள்ள வேலைவாய்ப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விமான நிறுவனங்களையும் நட்சத்திர விடுதிகளையும் விரிவாகப் பேசிய அக்கட்டுரை, ஓர் ஊரின் வரலாற்றை அங்கு வருவோருக்கு எடுத்துச் சொல்லும் பணியை ஒரே வரியில் கடந்துவிட்டது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவுக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்து, ரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்த அரிக்கமேடோ, புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடக்கிறது. அண்மையில் உறவினர்களை அங்கு அழைத்துச் சென்றபோது, மரங்களுக்கிடையே நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்த்து, ரோமானியர் கட்டியது இதுதானே என்று கேட்டார்கள். அவை 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருமடத்தின் எச்சங்கள் என்பதையும், வீலர் கண்ட கட்டுமானங்கள் மீண்டும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. விவரம் சொல்ல அங்கு வேறு எவரும் இல்லை.

விடுதிப் பயிற்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம்; பயண முன்பதிவும் அறை நிர்வாகமும் தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் ஒரு பருவத்துத் தொழிற்பயிற்சியையேனும் அரிக்கமேடு, பிச்சாவரம், தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை ஆகிய இடங்களில் வழிகாட்டிப் பணியாகவே பல்கலைக்கழகங்கள் அமைக்கலாம். அதற்கான நாள்படியைப் புதுவை, தமிழகச் சுற்றுலாத் துறைகள் ஏற்கலாம்.

வாசகர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.