சிலம்ப ஆசான்களின் தகுதியை யார் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டு, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளிலும் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு, சிலம்பம் பற்றி விசாரிக்கும் பெற்றோரை எங்கள் பகுதியில் அதிகம் காண்கிறேன். கற்றுக்கொடுப்பவர் யார் என்பதைத்தான் அவர்கள் விசாரிப்பதில்லை.

பாளையங்கோட்டை அருகே ஒரு குடும்பமே நடத்தும் சிலம்பக் கூடம் இருக்கிறது. பெரியவர் தம் தகப்பனாரிடம் கம்பு பழகி, கோயில் கொடை விழாக்களில் ஆடி, வர்மத்தில் அடிபட்டவரைத் தெளியவைக்கும் அடங்கல்களும் தெரிந்துகொண்ட பின்னரே ஆசான் ஆனவர். மகனோ, சிறுவர்களின் காலடியைத் திருத்தும் வேலையை மட்டும் பல ஆண்டுகள் செய்த பிறகுதான் கம்பு வீச்சு சொல்லிக்கொடுக்க அனுமதி பெற்றார். மருமகள் கம்பைத் தொட்டதே திருமணத்துக்குப் பிறகு. இன்று பெண் பிள்ளைகளின் வகுப்பு முழுவதும் அவர் பொறுப்பில் நடக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, நெற்றி உயரத்துக்குக் குறித்து, மூங்கிலை அறுத்துக் கணுக்களைச் செதுக்கித் தருவதும் அவர்தான்.

பள்ளிகள் பயிற்சியாளரிடம் சான்றிதழ் கேட்பது சரியே. பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் அது. ஆனால் சில நாள் முகாமில் வாங்கிய தாளை ஏற்றுக்கொண்டு, இந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பிய பள்ளியும் இங்கே உண்டு. எனவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பரம்பரை ஆசான்களை ஆடவைத்தும் வகுப்பெடுக்க வைத்தும் பார்த்துத் தகுதிச் சான்று வழங்க வேண்டும். அதனைப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கிலேயே நடத்தினால் வயதானவர்கள் சென்னைக்கு அலைய வேண்டியிராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.