நன்றாயிருந்த தொலைக்காட்சிப் பேனலைப் பழுதென்று கூறியது குறித்த புகார்

நாள்: 20.03.2025
திருநெல்வேலி

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி – தவறான பழுது அறிக்கை – வருகைக் கட்டணம் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் 43 அங்குலத் தொலைக்காட்சியை 2021 அக்டோபரில் வாங்கினேன். ஓராண்டு உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதை அறிவேன். ஆகவே இலவசப் பழுதுநீக்கம் கேட்டு இக்கடிதத்தை எழுதவில்லை.

மார்ச் 3 அன்று மாலை தொலைக்காட்சியைப் போட்டபோது இரண்டு விநாடிகள் படம் தெரிந்து, பிறகு திரை இருண்டது. மறுநாள் அந்த இரண்டு விநாடிப் படமும் இல்லை. ஆனால் ஒலி தெளிவாகக் கேட்டது. ரிமோட்டில் அலைவரிசை மாற்றினால் மாறியது. செட்டாப் பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. கம்பியை வேறு துளையில் செருகியும், மின் இணைப்பைத் துண்டித்துச் சிறிது நேரம் கழித்துக் கொடுத்தும் பயனில்லாததால், தங்கள் சேவை எண்ணில் புகார் பதிவு செய்தேன்.

மார்ச் 7 அன்று வந்த தங்கள் பணியாளர் எங்கள் வீட்டில் இருந்தது ஏறத்தாழ பத்து நிமிடங்கள். பின்மூடியின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமலும், மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்காமலும், "பேனல் போய்விட்டது" (அதாவது படம் காட்டும் திரைப்பகுதியே பழுது) என்று கூறி, புதிய பேனலுக்கு ரூ.21,500 ஆகும் என்று எழுதிக்கொடுத்து, வரியுடன் சேர்த்து ரூ.590 வருகைக் கட்டணம் பெற்றுச் சென்றார். வாங்கும்போது நான் கொடுத்த விலையே ரூ.29,000 தான். இதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றும் அவரே ஆலோசனை கூறினார்.

அன்றிரவு அறையை இருட்டாக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் திரையருகே டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் முகமும் கீழே ஓடிய எழுத்துகளும் மங்கலாக, ஆனால் முழுமையாகத் தெரிந்தன. படத்தை உருவாக்கும் பேனல் வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் ஒளி தரவேண்டிய பேக்லைட் மட்டும் எரியவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. பேனல் பழுதென்றால் பொதுவாகக் கோடுகளோ, வண்ணச் சிதறலோ, விரிசலோ இருக்கும். அப்படி எதுவும் இல்லை. பணம் கொடுத்து வரவழைத்த பணியாளர் செய்யாத இச்சோதனையை, அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் செய்ய நேர்ந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மார்ச் 12 அன்று எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர், உதவிக்கு இன்னொருவரை வைத்துக்கொண்டு பேனலைப் பதமாகத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளே மூன்று எல்.இ.டி. பட்டைகள், ஒவ்வொன்றிலும் எட்டு விளக்குகள். தொடராக இணைக்கப்பட்டிருந்ததால் ஒரு விளக்கு கருகியதும் இருபத்து நான்கும் அணைந்திருந்தன. கருகிய இடத்தில் மிளகளவு கரும்புள்ளியை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சம் சீராக இராது என்று மூன்று பட்டைகளையும் மாற்றினார்; பட்டைகளுக்கு ரூ.1,400, கூலி ரூ.800. அன்று மாலையே படம் வந்துவிட்டது. ஒன்பது நாட்களாகத் தொடர்களை வானொலி நாடகம் போலக் காதால் மட்டும் கேட்டுவந்த என் மாமியார்தான் முதலில் வந்து அமர்ந்தார்.

பேக்லைட் எப்போதும் 100 என்ற அளவில் இருந்ததும் விளக்கு கருகக் காரணமாக இருக்கலாம் என்று கூறி, மெக்கானிக் அதை 60 ஆகக் குறைத்தார். நான் அதைக் கவனிக்காதது என் பிழையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த 100 நான் வைத்ததன்று, பெட்டியிலிருந்து எடுத்தபோதே இருந்தது.

பட்டைகளைத் தங்கள் சேவை மையத்திலேயே வாங்க விரும்பி மார்ச் 10 அன்று கேட்டபோது, தனியாகக் கொடுப்பதில்லை, முழுப் பேனலாகத்தான் கிடைக்கும் என்றார்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடியும் வேலையை இருபதாயிரத்துக்கு மேல் இழுப்பது இந்த நடைமுறைதான் என்று கருதுகிறேன். நல்ல நிலையில் உள்ள பேனலும் இதனால் மின்னணுக் கழிவாகிறது.

ஆகவே, சோதிக்காமலே அறிக்கை கொடுத்ததற்காகப் பெற்ற ரூ.590-ஐத் திருப்பித் தருமாறும், தங்கள் பதிவேட்டில் என் தொலைக்காட்சிக்கு எதிராக உள்ள "பேனல் பழுது" என்ற குறிப்பைத் திருத்தி எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், இந்தத் தொலைக்காட்சி மாடலுக்கான எல்.இ.டி. பட்டைகளை வாடிக்கையாளர்களுக்குத் தனியாக விற்க ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பின்மூடியைத் திறந்து அளந்து பார்க்காமல் பேனல் மாற்றப் பரிந்துரைக்கக் கூடாது என்று பணியாளர்களுக்கு அறிவுறுத்தினால், டார்ச் பிடித்துப் பார்க்கத் தெரியாத மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இதைச் சேவைக் குறைபாடாகக் கருதி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். கழற்றிய மூன்று பட்டைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலர் எவரும் வந்து பார்க்கலாம்.

இணைப்பு: விற்பனை ரசீது, வருகைக் கட்டண ரசீது, பேனல் விலைக் குறிப்பு, மெக்கானிக் கொடுத்த ரசீது ஆகியவற்றின் நகல்கள், டார்ச் வெளிச்சத்தில் எடுத்த இரு நிழற்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)