செயலாளரின் ஆண்டறிக்கை: பேச்சு பாதி, திண்ணை மீதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சந்தா கட்டாமலேயே பணியார நேரத்துக்குத் தவறாமல் வந்து சேரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கணினி ஆர்வலர் சங்கத்தின் 2025-26ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு நான் படித்த அறிக்கையில் முக்கால்வாசி நன்றியுரையாக இருந்தது என்று ஒரு குறை எழுந்தது. நியாயமான குறைதான். இந்த முறை நன்றியைச் சுருக்கிக்கொண்டு, நடந்ததைச் சொல்கிறேன்; நடக்காததையும் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தன. ஐப்பசியை மழை கொண்டுபோயிற்று. தையில் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள், ஒருவரும் வரவில்லை. பங்குனியில் மாணவர்களுக்குத் தேர்வு. ஒன்பதில் ஒன்றுகூட அறிவித்த நேரத்துக்குத் தொடங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 1939 முதல் கம்பன் விழா நடக்கும் ஊர் இது. குறித்த மணிக்கு விழா தொடங்கிவிடும் என்பது அன்றிலிருந்து இதற்குள்ள பெயர். அதே காரைக்குடியில், கையில் இரண்டு கடிகாரமும் ஒரு கைப்பேசியுமாக வருகிற நாம் நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்குகிறோம்.

இடம் பற்றி. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடம் நமக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. இரண்டு கூட்டங்கள் அங்கே நடந்தன. மூன்றாவதற்குப் போனபோது கதவில் பூட்டு. காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் முதல் நாள் இரவு வந்து இறங்கியிருந்த பேச்சாளர் வேப்பமரத்தடியில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நம் உறுப்பினர் ஒருவர், கானாடுகாத்தானில் தம் பெரியப்பா வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி தம்மிடம் இருக்கிறது, அங்கே போகலாம் என்றார். இரண்டு காரும் ஏழெட்டு இருசக்கர வண்டிகளுமாகப் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து நம் கூட்டம் அந்த வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்தான், நடக்கிறது.

அந்த வீட்டில் தொழில்நுட்பக் கூட்டம் நடத்துவதிலுள்ள சங்கடங்களைத் தனி அறிக்கையாகவே எழுதலாம். செட்டிநாட்டுப் பூச்சுச் சுவர் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும். ப்ரொஜெக்டர் ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் எழுத்து தெரியாது, கண்தான் கூசும். தலைவர் அவர்கள் தம் பையிலிருந்த எட்டு முழ வேட்டியை எடுத்து இரண்டு தூணுக்கு இடையே கட்டினார். இன்றுவரை அதுதான் நம் திரை. முற்றத்து வெயில் சாயும்வரை அதிலும் ஒன்றும் தெரியாது என்பதால், காலையில் பேச்சு மட்டும், படம் காட்டுவதெல்லாம் பிற்பகலில் என்று ஆயிற்று. சுவர்களின் கனத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் வராது. இணையம் தரும் கைப்பேசியை ஒரு வெண்கலச் சொம்பின்மேல் முற்றத்தின் நடுவே வைத்துவிட்டு, எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம். பார்ப்பவர்கள் பூசை என்று நினைக்கலாம்.

புரட்டாசிக் கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகம் சேர்ந்தது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் சுதந்திர நாள்; யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கான நாள். நாம் மறுநாள் ஞாயிறு வைத்துக்கொண்டோம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்ற செய்தி அப்போது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு கணினியில் இருக்க வேண்டும். பத்தாண்டு ஓடிய மடிக்கணினியில் அதற்கு எங்கே போவது? ஆகவே தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று நாலா பக்கமிருந்தும் பழைய கணினிகளைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள. மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று நேர்ந்த பிழை என்னுடையது. ஓர் உறுப்பினரின் மடிக்கணினியில், பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவுவதற்குப் பதிலாக, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவும் வழியைத் தேர்ந்துவிட்டேன். பேசிக்கொண்டே செய்தேன் என்பது காரணம், சமாதானம் அல்ல. அவர் மகளின் காதுகுத்துப் படங்கள் அதில் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஃபோட்டோரெக் என்னும் கட்டற்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டோம். அழிந்த கோப்பின் பெயரும் அடைவும் போய்விட்டாலும், புதிதாக எதுவும் மேலே எழுதப்படாத இடங்களில் படத்தின் உடல் அப்படியே கிடக்கும். அதைத் தேடி எடுத்துத் தரும் மென்பொருள் அது. விடிகாலையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன, பெயரில்லாமல் நீள எண்களாக. மாமன் மடியில் குழந்தை அழும் படம் வந்ததும் நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பெரும்பாலானவை கிடைத்துவிட்டன, சில கிடைக்கவில்லை. அதன் பிறகு, பிரதி எடுத்தாயிற்று என்று உரியவர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் எந்தக் கணினியையும் தொடுவதில்லை என்று விதி செய்திருக்கிறோம். முதல் தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

இனி, கார்த்திகைக் கூட்டம். என்னைக் கேட்டால் இந்த ஆண்டு நாம் செய்த வேலை அது ஒன்றுதான்.

வீட்டுக்காரரின் மருமகப்பிள்ளை, பெட்டகத்தில் கிடந்ததாக ஒரு பேரேட்டைக் கொண்டு வந்தார். நெல்லும் கூலியும் எழுதிய கணக்கு. பூச்சி அரித்த ஓரம், பழுப்புத் தாள், அதில் இன்றைய பிள்ளைகள் யாருக்கும் புரியாத குறிகள். மாணவர் ஒருவர், உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையைத் திரையில், அதாவது வேட்டியில், விரித்தார். நாளைக் குறிக்கும் ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. இவையெல்லாம் 2003இல் வந்த யூனிகோடு 4.0 தொட்டே கணினியில் இருக்கின்றன. நம் கைப்பேசியிலும் தெரிகின்றன, நாம்தான் பார்ப்பதில்லை. பின்னங்கள் மட்டும் பிந்தி வந்தன. 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0இல் தமிழுக்கென்று ஒரு சேர்ப்புத் தொகுதி கொடுத்து 51 குறிகளை ஏற்றினார்கள். முந்திரி முதல் முக்கால் வரை அதில் இருக்கின்றன. குறுணி, பதக்கு, வேலி, வராகன் எல்லாம் உண்டு. ஆனால் அந்த எழுத்துரு பெரும்பாலான கருவிகளில் இல்லாததால் வேட்டியில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. நோட்டோ என்னும் இலவச எழுத்துரு வரிசையிலுள்ள தமிழ்ச் சேர்ப்பு எழுத்துருவை இறக்கியபின் ஒவ்வொரு கட்டமும் குறியாக மாறியது.

குறி கிடைத்தது, படிக்க ஆள்? இரண்டாங்கட்டில் கந்தரப்பம் சுட்டுக்கொண்டிருந்த மூத்த ஆச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேரேட்டைத் தூரத்தில் பிடித்து, ஒரு வரியில் விரலை வைத்து, "அரையே அரைக்கால் மாகாணி" என்றார். மாணவர் அரை, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று மூன்றையும் தட்டச்சு செய்து கூட்டல் போடத் தொடங்கினார். "ரூபாய் என்றால் பதினோரு அணா. எழுதிக்கொள் அப்பா" என்று ஆச்சி சொல்லி முடித்தபோது கணினி இன்னும் விடை காட்டவில்லை. சிறுவயதில், வாய்பாடு சொல்லாமல் பலகாரத்தைத் தொட அப்பச்சி, அதாவது ஆச்சியின் தகப்பனார், விடமாட்டாராம். முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. இதை அவர் பாட்டாகச் சொன்னார். மாகாணிக்கும் அரைக்கும் யூனிகோடில் இரண்டிரண்டு வடிவங்கள் இருக்கின்றன. எதை எழுதுவது என்று பிள்ளைகள் குழம்பியபோது, "இந்தக் கணக்கப்பிள்ளை எழுதியதை எழுது, உன் இஷ்டத்துக்கு எழுதாதே" என்றார். கோப்பு எழுதுகிற எல்லாருக்கும் அது பொருந்தும்.

அன்று ஆறு பக்கம் ஏறியது. பேரேடு முழுவதும் முடிய இன்னும் ஓராண்டாவது ஆகும். அன்றைக்கு அறிவித்திருந்த பேச்சு செயற்கை நுண்ணறிவு பற்றியது. அது நடக்கவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர் இரங்கூன் கதையை எடுத்தார். அங்கே முகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடித் தங்களுக்குள் நடப்பு வட்டி விகிதம் நிர்ணயித்ததையும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்பட்ட தொழிற்கூடங்களில் ஒரே நீளக் கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாக வரிசையாக உட்கார்ந்து தொழில் பார்த்ததையும் சொல்லி, "நீங்கள் இன்று கோ-வொர்க்கிங் என்கிறீர்கள்" என்றார். முன்னோர் பெருமை பேசத் தொடங்கினால் நம் ஊரில் பொழுது விடிந்துவிடும் என்று எனக்குப் பயம். ஆனால் அவர் சொன்ன அடுத்த வாக்கியம் பெருமை அல்ல: "அவர்கள் கூடியது பேச்சுக் கேட்க அல்ல. யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள."

மார்கழியிலிருந்து திண்ணையில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். நடுவே கோடு. ஒரு பக்கம் ௷, மறுபக்கம் ௶. தர முடிந்ததை வரவில் எழுத வேண்டும், வேண்டியதைப் பற்றில். முதல் நாள் பற்றுப் பக்கத்தில் எழுதியவர் கோட்டையூரில் அச்சகம் வைத்திருப்பவர்: பழைய எழுத்துருவில் அடித்து வைத்த திருமண அழைப்பிதழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தர வேண்டும். வரவுப் பக்கத்தில் ஒரு மாணவி, பைத்தான் நிரல் எழுதத் தெரியும் என்று எழுதியிருந்தார். இருவரையும் நான் அறிமுகப்படுத்தக்கூட இல்லை. அடுத்து நடந்த கூட்டத்தில் அச்சகக்காரர் அழைப்பிதழ் மாதிரி ஒன்றை எடுத்து வந்து காட்டினார், ஒற்றெழுத்துகள் எல்லாம் சரியாக. அவர் கொடுத்த கூலிதான் அந்த மாணவியின் முதல் சம்பாத்தியம். ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர் எழுதியது இன்னும் பலகையிலேயே இருக்கிறது: கண்ணாடியில் வார்த்தெடுக்கும் தளக்கல்லின் நிறம் படத்தில் மாறித் தெரிகிறது, வாங்குபவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள், வழி சொல்லுங்கள். ஒளிப்படம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பார்க்கவும்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாசிக் கூட்டத்துக்குப் பேச்சாளராக அழைக்கப்பட்டவர், வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவதாகச் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் தம் பயிற்சி நிலையத்தின் கட்டண வகுப்பை விற்றார். பிள்ளைகளின் கைப்பேசி எண்களையும் தாள் சுற்றவிட்டு வாங்கிக்கொண்டார். பெயர் வேண்டாம். தாளைப் பார்த்துக்கொண்டே நான் சும்மா உட்கார்ந்திருந்தது என் தவறு. இரண்டு மாணவர்கள் பணம் கட்டிவிட்டு இப்போது வருந்துகிறார்கள். இனி எந்தக் கூட்டத்திலும் எண் வாங்கும் தாள் சுற்றக் கூடாது.

மாலைக் கூட்டத்தைக் காலைக்கு மாற்றியதும் பெண்களின் வருகை கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது. இரண்டாண்டுகளாக அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி பஸ்தான் காரணம்.

நான்கு துடிப்பான உறுப்பினர்கள் வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போய்விட்டார்கள். மகிழ்ச்சிதான், ஆனாலும் ப்ரொஜெக்டரை இயக்கத் தெரிந்த இருவரும் அந்த நால்வரில் அடக்கம். கானாடுகாத்தான் தெருக்களை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் வேலையும் அவர்களால் பாதியில் நிற்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கும் வீட்டுக்கு எந்தத் தெருவின் முகவரி என்ற வழக்கும் தீரவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இரண்டு. கூட்டத்துக்கு ஒரு பேச்சு மட்டும், அதுவும் அரை மணி. மீதி நேரம் பலகைக்கும் பேரேட்டுக்கும். அடுத்து, வீட்டுச் சாவி ஒருவரிடமே இருப்பதால் அவர் வெளியூர் போகும் மாதங்களில் என்ன செய்வது என்று இன்று முடிவெடுக்க வேண்டும். மாற்றுச் சாவி செய்ய வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், ஆனால் அந்தக் காலத்துப் பூட்டுக்குச் சாவி செய்யும் ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் பலகையில் எழுதவும்.

வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும், ஆச்சிக்கும், வேட்டி தந்த தலைவருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் இப்போது படிப்பார்கள். பணியாரச் செலவு பற்றிய கேள்விகளை அவரிடமே கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்